ஓடைச் சீரமைப்பு: மானியப் பணம் கரைந்துபோகும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஓடையைச் சரிசெய்ய மானியம் வந்திருக்கிறது என்றதும் கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், இளைஞர் குழு என்று பலரும் கரைக்கு வந்துவிடுகிறார்கள். வரத்தான் வேண்டும். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓடையோடு நமக்குள்ள கணக்கு பழையது.

ஆனால் புதிதாக வருகிற குழு ஒவ்வொன்றும் முந்தைய குழு செய்த தவறையே முதலிலிருந்து செய்கிறது. பூட்ஸ், கையுறை, பாம்பு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும். பணத்தையும் கரையையும் சேர்த்து இழக்கவைக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

முதல் வெட்டுக்கே முழுப் பணமும்

இது இன்றைக்கும் நடக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

உண்ணிச்செடி, பக்வீட், சிரிங்கா, ஸ்பானிய நாணல் என்று வெளிநாட்டிலிருந்து வந்த களைச்செடிகள் எல்லாம் மண்டிக் கிடக்கும் இரண்டு ஹெக்டேர் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இறங்குகிறார்கள். சில வாரங்களில் கரை மொட்டையாகிறது. கவுன்சிலர் வருகிறார், படம் எடுக்கிறார்கள், பில் போகிறது, பணம் தீர்கிறது. இரண்டு மழை கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் வெளிச்சத்துக்காகக் காத்திருந்த பக்வீட் விதைகள் பாய் விரித்தாற்போல் முளைத்திருக்கும். மருந்து பூசாமல் விட்ட உண்ணிச்செடிக் கட்டை ஒவ்வொன்றிலும் நாலைந்து கிளை வெடித்திருக்கும். ஸ்பானிய நாணல் இங்கே விதையால் பரவுவதில்லை, கிழங்கால்தான் பரவுகிறது. கத்தியால் வெட்டிச் சிதறவிட்ட துண்டுகள் நீரோடு போய்க் கீழ்க்கரையில் வேர்விட்டிருக்கும். ஒரு வருடத்தில் புதர் முன்பைவிட அடர்த்தியாகிவிடும். இரண்டாம் முறை வெட்டப் பணம் இருக்காது.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? மானிய அறிக்கையில் "எத்தனை ஹெக்டேர் வெட்டினீர்கள்" என்றுதான் கேட்கிறார்கள். வெட்டிய இடத்தில் திரும்ப முளைப்பதை அகற்றும் மறுவெட்டால் அந்த எண் ஏறாது. அதனால் அதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. இப்படிப்பட்ட அந்நியச் செடிகளை அகற்றும் அரசின் ஒர்க்கிங் ஃபார் வாட்டர் திட்டம் தொடங்கியது 1995-இல். மறுவெட்டு இல்லாத முதல் வெட்டு வீண் என்பது இந்த நாட்டுக்கு அன்றிலிருந்தே தெரிந்த விஷயம்.

இதற்கு மேல் நாள்காட்டியும் சேர்ந்து கெடுக்கிறது. டர்பனில் மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலையில் பணம், பிறகு டெண்டர், அதன் மேல் ஆட்சேபணை என்று ஆட்கள் கரையில் இறங்கும்போது ஜனவரி ஆகிவிடுகிறது. மழை கொட்டும் மாதத்தில் கரையை மொட்டையடித்தால் மேல்மண் நேராகத் துறைமுகத்துக்குத்தான் போகும். உம்பிலோ, உம்ஹ்லாதுசானா ஆறுகள் இரண்டும் கடைசியில் கலப்பது அங்கேதான். குறிப்பிட்ட வேலைக்கென்றே தரும் நிபந்தனை மானியத்தில் செலவழியாததை, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக ஒப்புதல் இல்லாவிட்டால், தேசிய வருவாய் நிதிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் மே, ஜூனில் அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் புதுக் கரையை வெட்டுகிறார்கள். முன்பு வெட்டியதைப் போய்ப் பார்க்க ஆளில்லை.

செய்ய வேண்டியது இது. டெண்டர் ஆவணங்களைப் பணம் வருமுன்பே, மார்ச், ஏப்ரலில் தயார் செய்யுங்கள். முதல் வெட்டு ஆகஸ்டுக்குள் முடியட்டும். முதல் மறுவெட்டு நவம்பர், டிசம்பரில், நாற்று முழங்கால் உயரம் தாண்டுமுன், பூ வைக்குமுன் நடக்க வேண்டும். பிறகு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வருடம். எங்கள் கணக்கில் 100 ராண்டில் முதல் வெட்டுக்கு 40, மறுவெட்டுகளுக்கு 35, நடவுக்கு 15, மீதி மேற்பார்வைக்கும் அளவெடுப்புக்கும். அந்த 40-இல் இரண்டு ஹெக்டேர் முடியாதென்றால் ஒரு ஹெக்டேர் செய்யுங்கள். அதையும் மேலோடையிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் விதை மேலிருந்து மிதந்து வந்துகொண்டே இருக்கும்.

நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, ஓராண்டு ஒப்பந்தம்தான் போட முடியும் என்று சொல்வார்கள். அந்தப் பிரிவு பட்ஜெட்டில் உள்ள மூன்று ஆண்டுகளைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்கு உரியது. மூன்றாண்டுக்குள் அடங்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு அது குறுக்கே வராது. டர்பன் மாநகராட்சியான எதெக்வினியின் சிஹ்லான்சிம்வேலோ திட்டத்தில் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்களிடம் ஓடையின் ஒரு நீளத்தை ஒப்படைத்துத் தொடர்ந்து பராமரிக்க வைக்கிறார்கள். பின்பற்ற வேண்டிய மாதிரி அதுதான்.

வெட்டும் முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மரச்செடிகளைத் தரையிலிருந்து 10 செ.மீ.க்குள் மட்டமாக வெட்டி, சில நிமிடங்களுக்குள் கட்டையின் விளிம்பு முழுக்கக் களைக்கொல்லி பூச வேண்டும். வெட்டு காய்ந்துவிட்டால் மருந்து வேருக்கு இறங்காது. மருந்தில் நீலச் சாயம் கலந்தால் விட்டுப்போன கட்டை எது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியும். நீர்நிலை ஓரத்தில் பயன்படுத்த அனுமதி உண்டு என்று லேபிளில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து, களைக்கொல்லி போன்றவற்றுக்கான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு பெற்றவர் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். வெட்டிய தழையைக் கரையில் குவித்தால் முதல் வெள்ளமே அதைத் தூக்கிப்போய் அடுத்த சாலைக்கடியில் உள்ள நீர்க்குழாயில் அடைக்கும். வெள்ளம் ஏறாத உயரத்தில் சரிவுக்குக் குறுக்காக வரிசை வரிசையாகப் போடுங்கள், மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

உள்ளூர் நாணலையும் சேர்த்து வெட்டுவது

ஸ்பானிய நாணல் 6 மீட்டர் வரை போகும். தண்டு தடிப்பாக இருக்கும். இலையின் அடி அகன்று, வெளிறிய காதுமடல் போலத் தண்டைக் கட்டிக்கொள்ளும். உள்ளூர் நாணல் அதைவிட மெலிந்தது, குட்டையானது. அதன் இலை தண்டைச் சேரும் இடத்தில் மெல்லிய மயிர் வரிசை தெரியும். கரையைப் பிடித்து வைத்திருப்பதும், தூக்கணாங்குருவிகளுக்கு இடம் கொடுப்பதும் இந்த உள்ளூர் நாணல்தான். வேலை தொடங்கும் நாளில் இரண்டின் தண்டையும் குழுவினர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஸ்பானிய நாணல் தூருக்குச் சாயம் தெளித்து அடையாளமிட்ட பிறகே கத்தியை எடுக்கட்டும்.

அனுமதி இல்லாமல் மெஷினை இறக்குவது

ஓடையிலிருந்து 10 கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளினாலும் கொட்டினாலும், 2014 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். 10 கன மீட்டர் என்பது ஒரு டிப்பர் லாரி பாரம். பேக்ஹோ மெஷின் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அதைத் தாண்டிவிடும். ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டத்தின்படி செய்யும் வேலைக்கு விலக்கு உண்டு. ஆகவே அந்தத் திட்டத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள். இது போக, ஓடையின் படுகையையோ கரையையோ போக்கையோ மாற்றினால் 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் வரும்.

கம்பிவலைக் கல்கூடையைப் படுகையின் மேலேயே உட்காரவைப்பது

வெள்ளம் அடியைக் குடைந்துவிடும், கூடை முன்னால் கவிழும். முதல் அடுக்கு அரிப்பு ஆழத்துக்குக் கீழே புதைய வேண்டும், இரு முனைகளும் கரைக்குள் நுழைய வேண்டும், பின்பக்கம் வடிகட்டித் துணி வேண்டும். கல் வலைக்கண்ணைவிடப் பெரியதாக இருக்கட்டும். உடைந்த செங்கல் போடாதீர்கள், இரண்டு பருவத்தில் நொறுங்கி வெளியே வந்துவிடும்.

நாவல் மரம் நடுவது

வேண்டாம். நம் ஊர் நாவல் இங்கே படையெடுக்கும் இனப் பட்டியலில் இருக்கிறது. அதன் உறவான உள்ளூர் உம்டோனியை நடுங்கள். ஈரக் கரையே அதற்குப் பிடித்த இடம்.

வாட்

மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. அதற்குப் பதிவு இல்லாத குழு அதைத் திரும்பப் பெற முடியாது, மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

சாக்கடையைப் பார்க்காமல் செடி நடுவது

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தை ஒட்டித்தான் போகின்றன. ஒரு மேன்ஹோல் பொங்கினால் கீழே செய்த வேலை அத்தனையும் நாறிப்போகும். நடவுக்கு முன் கரை முழுக்க நடந்து ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். பொங்குவதைக் கண்டால் அந்த எண்ணோடு புகார் கொடுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மேலும் கீழும் இரண்டு இடத்தில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் இ.கோலை பாக்டீரியாவுக்குப் பரிசோதனை எடுத்தால் கழிவு எந்த நீளத்தில் கலக்கிறது என்று தெரியும். இந்த நாட்டிலேயே உருவான மினிசாஸ் முறையில், நீருக்குள் வாழும் 13 வகைச் சிற்றுயிர்களை வலையில் பிடித்து மதிப்பெண் போடலாம். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடியது. வேலை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில். முதல் அளவு இல்லாவிட்டால் அடுத்த மானிய விண்ணப்பத்தில் காட்ட உங்களிடம் படங்கள் மட்டும்தான் இருக்கும்.