டப்ளினில் ஹாலோவீன் நெருப்பு: குவியல் முதல் கடைசி ஆணி வரை

அயர்லாந்தில் அக்டோபர் 31 இரவில் பெருநெருப்பு வளர்ப்பது, அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் பிறப்பதைக் குறித்த 'சௌவின்' என்னும் பழைய கெல்டியப் பண்டிகையின் எச்சம். ஆனால் டப்ளின் குடியிருப்புத் திடல்களில் இன்று எரிவது பெரும்பாலும் விறகு அன்று. கடைகளின் பின்பக்கம் கிடந்த, சரக்கு அடுக்கப் பயன்படும் மரத் தட்டுகளான பேலட்டுகள், பழைய மெத்தைகள், சோபாக்கள், டயர்கள். 1987-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டத்தின்படியும் 1996-ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மைச் சட்டத்தின்படியும் கழிவை இவ்வாறு எரிப்பது குற்றம். கொளுத்தியவர் மட்டுமன்றி, கொளுத்துவதற்குப் பொருள் கொடுத்தவரும் வழக்கில் சிக்கக்கூடும்.

உள்ளாட்சி மன்றங்களின் உண்மையான வேலை அந்த ஓர் இரவில் நடப்பதில்லை. அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே, சேர்த்து வைக்கப்பட்ட குவியல்களைத் தேடிப் பிடித்து அள்ளிச் செல்கிறார்கள். ஆகவே குடியிருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, குவியல் சிறிதாக இருக்கும்போதே மன்றத்துக்குத் தகவல் சொல்வதுதான். "திடலில் ஏதோ கிடக்கிறது" என்றால் போதாது. எந்தத் தெருமுனை, எந்த வேலிக்குப் பின்னால், லாரி உள்ளே வர வழி இருக்கிறதா, டயரோ எரிவாயு உருளையோ தெரிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்ப்பவர்களிடம் வாக்குவாதத்துக்குப் போக வேண்டாம். அள்ள வரும் பணியாளர்களுக்கே சில இடங்களில் கார்டா எனப்படும் அயர்லாந்துக் காவல்துறையினரின் துணை தேவைப்படுகிறது. இன்று அள்ளிய இடத்தில் மூன்றாம் நாளே மறுபடி குவிவதும் உண்டு. அப்போது சலித்துக்கொள்ளாமல் மீண்டும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பொருள் அந்தக் குவியலுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது அடுத்த கடமை. வேனுடன் வாசலுக்கு வந்து, மலிவாகப் பழைய சோபாவை எடுத்துக்கொள்வதாகச் சொல்பவரிடம் கழிவு சேகரிப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவர் அதை முறையான கழிவு நிலையத்துக்குத்தான் கொண்டுபோவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கடைக்காரர்கள் அக்டோபர் முழுவதும் பேலட்டுகளைப் பூட்டி வைக்க வேண்டும்.

அன்றிரவு நெருப்பு வீடுகளையோ மின்கம்பிகளையோ நெருங்கினால் 999 அல்லது 112-ஐ அழையுங்கள். எரியும் குவியலை நீங்களே அணைக்க முயல வேண்டாம். உள்ளே ஸ்ப்ரே டப்பா இருந்தால் வெடிக்கும்.

நவம்பர் முதல் தேதி காலையில் தொடங்கும் வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மேலே சாம்பல் வெளுத்து ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் அடியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். நீர் பாய்ச்சி, கிளறி, மறுபடி நீர் பாய்ச்சிய பின்னரே இயந்திரத்தால் அள்ள முடியும். பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் எரிந்து கலந்த அந்தச் சாம்பலைத் தோட்ட உரமாக்க முடியாது. உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஆணி. ஐரோப்பியத் தரப் பேலட் ஒன்றில் 78 ஆணிகள் உள்ளன. ஐம்பது பேலட்டுகள் எரிந்தால் மரம் காற்றோடு போய்விடும், 3,900 ஆணிகள் புல்லில் தங்கிவிடும். டயர் எரிந்த இடத்திலோ, தேங்காய் நார் போலச் சிக்குண்ட எஃகுக் கம்பிகள் மண்ணோடு மண்ணாகப் பின்னிக் கிடக்கும். அள்ளும் இயந்திரம் இவற்றை முழுமையாக எடுப்பதில்லை என்பதால், காந்தச் சட்டத்தைத் தரைமீது குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பொறுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் பந்து விளையாடும் திடலாக இருந்தால் இதை ஒரு முறை செய்துவிட்டு நிறுத்துவது தவறு. மழை பெய்து சாம்பல் கரைந்த பின் இன்னும் சில ஆணிகள் தலைகாட்டும். அவற்றைக் கண்டால் இடத்தைக் குறித்து மன்றத்துக்குச் சொல்லுங்கள்; அதுவரை நாயையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

விளையாட்டிடத்தின் ரப்பர் தரை உருகியிருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். புல்தரை என்றால் வெந்த மேல்மண்ணை நீக்கி நல்ல மண் இட வேண்டும். ஆனால் நவம்பர் குளிரில் புல் விதை சரியாக முளைக்காது. ஆகவே மண்ணை நிரப்பிச் சமன்செய்து, ஏப்ரல் வாக்கில் மண் சூடேறும்போது விதைப்பதே நல்லது. அதுவரை திடலின் நடுவே அந்தக் கறுப்பு வட்டம் அப்படியேதான் இருக்கும்.