கார் விற்பனையகம் ஊருக்கு உதவுவது எப்படி?

ஒரு கார் விற்பனையகத்தின் மேலாளர் மேசையில் ஆண்டு முழுவதும் நன்கொடைக் கடிதங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கோப்பை, இளைஞர் கால்பந்து அணிக்குச் சீருடை, முதியோர் இல்லத்துக்கு வேன், யாரோ ஒருவரின் அறுவை சிகிச்சைக்குப் பணம் என்று கேட்பவை பலவாக இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் முடிவெடுக்கும் முறை ஒன்றுதான்: முதலில் வந்து கேட்டவருக்கோ முதலாளிக்குத் தெரிந்தவருக்கோ கிடைக்கும், மற்றவர்களுக்கு 'அடுத்த முறை பார்க்கலாம்' என்ற பதில் போகும். ஆண்டு முடிவில் கணிசமான தொகை செலவாகியிருக்கும். எதற்குப் போனது என்று கேட்டால் நான்கு பேனர்களையும் ஒரு கேடயத்தையும் தவிரக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட கணக்கைச் சில ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில், அதைச் சீராகச் செய்வதற்கு நான் கண்ட வழிகளை இங்கே தருகிறேன்.

முதல் வேலை, விளம்பரத்துக்காகக் கொடுப்பதையும் தருமமாகக் கொடுப்பதையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவது. அணியின் சட்டையில் நிறுவனத்தின் பெயர் வருகிறது என்றால் அது விளம்பர ஆதரவு. கொடுத்ததற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. ஈடு எதுவும் இல்லாமல் கொடுப்பதே நன்கொடை. பல நாடுகளின் வரிச் சட்டமும் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது: முன்னது வணிகச் செலவு, பின்னதற்கு, பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுத்து உரிய ரசீதும் வைத்திருந்தால்தான் சலுகை. வரியைவிட முக்கியமான காரணம் வேறொன்று. இரண்டும் ஒரே தலைப்பில் கிடந்தால், விற்பனை மந்தமான மாதத்தில் முதலில் வெட்டுப்படுவது நன்கொடைதான். ஏனென்றால், பேனர் வைக்காவிட்டால் போட்டி நடத்துபவர் சண்டைக்கு வருவார், உதவி நின்றுபோன முதியவர் வரமாட்டார்.

அடுத்ததாக, காசோலையைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காசோலையை எந்தக் கடையும் எழுதலாம். காரைத் தூக்கிப் பார்க்கும் லிஃப்ட், கை தேர்ந்த மெக்கானிக்குகள், வாங்க வருபவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும், வார நாள் காலையில் சும்மா நிற்கும் டெமோ கார், பரந்த தரை, வாகனம் நிறுத்த இடம் ஆகிய அனைத்தும் ஊரில் வேறு யாரிடமும் ஒன்றாக இருப்பதில்லை. கார்த் தொழில் உலகுக்குக் கொடுத்த பெரிய கொடைகளுள் ஒன்றும் பணமாகக் கொடுக்கப்பட்டதன்று. 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தபோது, அந்நிறுவனம் அந்தக் காப்புரிமையைப் பிற உற்பத்தியாளர்களும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது.

தொடங்குவதற்கு எளிதானது, தொண்டு அமைப்புகளின் வாகனங்களை ஆண்டுக்கு இரு முறை இலவசமாகப் பரிசோதித்துத் தருவது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வேன்கள் குறைந்த தூரமே ஓடுகின்றன. ஆகையால் டயரின் பள்ளம் ஆழமாகவே தெரியும், பல நாடுகள் குறைந்தபட்சமாக வைத்துள்ள 1.6 மில்லிமீட்டர் அளவுக்கு வெகு மேலே இருக்கும், பார்ப்பவர் 'டயர் புதுசு மாதிரி இருக்கிறது' என்று விட்டுவிடுவார். ஆனால் ரப்பர் ஓடாமலேயே வயதாகும். டயரின் பக்கச் சுவரில், நீள்வட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 2314 என்று இருந்தால் அந்த டயர் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உருவானது. பள்ளம் நிறைய இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடும் டயரில் பத்து முதியவர்களை ஏற்றிச் செல்வது சாதாரண விஷயமல்ல. பழுதைக் கண்டுபிடித்த பிறகு பாகங்களுக்குப் பணம் யார் தருவது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இலவசப் பரிசோதனை என்று அழைத்து, கடைசியில் பெரிய பில்லை நீட்டும் நிறுவனத்தின் பெயர் ஊரில் வேறு விதமாகப் பரவும்.

டெமோ காரைக் கொடுத்து உதவுவது இதைவிடப் பயனுள்ளது; சிக்கலும் அதிகம். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். பொதுவாக அவர்கள் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 156 நாள்கள், போக வர 312 பயணங்கள். சிகிச்சை முடிந்த களைப்பில் பேருந்துக்கு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் விற்பனையகத்தில் இதற்காக ஒரு காரை ஒதுக்கி, உற்சாகத்தில் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டோம். ஆண்டு இறுதியில் இலக்கை எட்டுவதற்காக அந்த டெமோ காரையே விற்றுவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் தொலைபேசியில் 'இன்று வண்டி இல்லை' என்று சொல்லும் வேலை என் மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: இருவருக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள், ஆனால் அந்தக் காரை விற்பனைப் பட்டியலிலிருந்து எழுத்து மூலமாக நீக்குங்கள், அது பழுதானால் எந்த கார் போகும் என்பதையும் எழுதி வையுங்கள். வாகனக் காப்பீடு இவ்வகைப் பயன்பாட்டை ஏற்கிறதா, தன்னார்வ ஓட்டுநர் அதில் அடங்குகிறாரா, அபராதச் சீட்டு வந்தால் யார் கட்டுவது, எரிபொருள் யார் பொறுப்பு என்ற நான்கும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். காரை ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டால் பாதி மனத்தாங்கல்கள் எழவே எழா.

சாலைப் பாதுகாப்பு, கார் விற்பவருக்கு இயல்பாகவே பொருந்தும் களம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் இறக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையானவர்களின் இறப்புக்கு இதுவே முதன்மைக் காரணம். கருத்தரங்கம், பேரணி என்று போவதைவிட, மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் குழந்தை இருக்கைகளைச் சரிபார்த்துத் தருவது நல்லது. இருக்கையை காரின் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சரியாகப் பொருத்தவில்லை என்று பொருள். பிறகு குழந்தையை உட்காரவைத்துப் பட்டையை மாட்டி, தோள் அருகே இரு விரல்களால் பட்டையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு கையில் வந்தால் தளர்வாக இருக்கிறது. தடித்த மேல்சட்டையோடு மாட்டினால் இறுகியதுபோல் தோன்றி ஏமாற்றும். இதைச் செய்யும் ஊழியருக்கு முறையான பயிற்சி தந்திருக்க வேண்டும் என்பதும், அவர் தானே பொருத்திக் கொடுத்து அனுப்பாமல் பெற்றோரையே பொருத்தவைக்க வேண்டும் என்பதும் முக்கியம். நாளை அந்த இருக்கையைக் கழற்றி மாட்டப்போகிறவர்கள் அவர்கள்தாம். இந்தச் சரிபார்ப்பு நடக்கும்போது விற்பனைப் பிரதிநிதி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஷோரூமில் இரத்த தான முகாம் நடத்துவது பலருக்கும் தோன்றும் யோசனை. தேதியில்தான் தவறு நேர்கிறது. ஜூன் 14 உலக இரத்த தான நாள் என்பதால் பலரும் அந்த நாளையே நாடுகிறார்கள், இல்லையென்றால் நிறுவனத்தின் ஆண்டு விழா. சேகரித்த சிவப்பணுக்கள் வழக்கமாக 42 நாள்கள் வரையும், தட்டணுக்கள் 5 முதல் 7 நாள்கள் வரையும்தான் தாங்கும். கொடுத்தவரோ மீண்டும் கொடுக்க இரண்டு மூன்று மாதங்களாவது காத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டால் பிறகு தட்டுப்பாடுதான். எனவே இரத்த வங்கியிடம் 'உங்களுக்கு எந்த மாதம் கையிருப்பு குறையும்?' என்று கேட்டு அவர்கள் சொல்லும் நாளில் இடம் கொடுங்கள்.

'விற்கும் ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு தருவோம்' என்ற அறிவிப்பைச் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டும். 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிப்பதற்காக ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் 1 சென்ட், ஒவ்வொரு புதிய கார்டுக்கும் 1 டாலர் என்று ஒதுக்கி 17 லட்சம் டாலர் திரட்டியது. இவ்வகை விளம்பரங்களுக்கு அதுவே முன்மாதிரி ஆனது. அதன் வலிமை, வாடிக்கையாளருக்குக் கணக்கு தெளிவாகத் தெரிந்ததில் இருந்தது. 'விற்பனையில் ஒரு பகுதி' என்று எழுதாமல், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருக்கு, உச்சவரம்பு உண்டா என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். தள்ளுபடியைக் குறைத்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர் வாங்குவது நேர்மையாகாது.

விளம்பர ஆதரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் பத்து நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பதைவிட ஓர் அணிக்கு மூன்று ஆண்டுகள் கொடுப்பது மேல்; பயிற்சியாளர் திட்டமிட முடியும், உங்கள் பெயரும் மனத்தில் பதியும். கோல்ஃபில் பந்தை ஒரே அடியில் குழியில் போட்டால் கார் பரிசு என்பது போன்ற போட்டிகளுக்கு அந்தப் பரிசையே காப்பீடு செய்யும் வழி இருக்கிறது. ஆனால் வெல்பவருக்குரிய வரியும் பதிவுக் கட்டணமும் யார் தலையில் விழும் என்பதை விதிகளில் எழுதாமல் விட்டால், பரிசு பெற்றவரே உங்களைத் திட்டும் நிலை வரும். சிறுவர் அணிக்கு ஆதரவு கொடுத்துவிட்டு, ஈடாகப் பெற்றோரின் தொலைபேசி எண்களைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

பணமாகக் கொடுக்கும் இடங்களில் அமைப்பின் பதிவுச் சான்று, அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டின் வரவு செலவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். நல்ல அமைப்பு இவற்றைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாது. ஊழியர்களின் பங்களிப்பு வேலை நேரத்தில், ஊதியத்தோடு இருக்கட்டும்; சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டு நிறுவனத்தின் பெயரைப் போடுவது ஊழியரின் கொடையைத் திருடுவதாகும். படம் எடுத்தால் பழுது பார்த்த வேனையும் வேலை செய்தவர்களையும் எடுங்கள். உதவி பெறுபவரின் முகத்தை, அவர் மனமாரச் சம்மதித்தாலன்றி, எடுக்க வேண்டாம்.

நிறுத்துவதையும் திட்டமிட்டாக வேண்டும். வணிகம் சரிந்து உதவியைத் தொடர முடியாத நிலை வந்தால், கடைசி நாளில் சொல்லாமல் ஆறு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, வேறொரு புரவலரைத் தேடித் தர முயலுங்கள். கார் உதவியாக இருந்தால், மாற்று வண்டி உறுதியாகும் வரை உங்கள் வண்டி அந்த வாசலுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.