ஜிசாப் டைம்லைனில் அசைவுகளை வரிசையாகக் கோப்பது எப்படி

பக்கம் திறந்ததும் பின்னணிப் படம் மெல்லத் தெளிய வேண்டும். அது முடிவதற்குள் தலைப்பு கீழிருந்து எழ வேண்டும், அதை ஒட்டியே விளக்கவரி, கடைசியில் இரண்டு பட்டன்கள். இதை வெறும் சிஎஸ்எஸ்ஸில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிலே எழுத வேண்டும். தலைப்பை 0.2 விநாடி தள்ளிப்போடச் சொன்னால், பின்னால் வரும் எல்லா டிலேயையும் உட்கார்ந்து கூட்டி மாற்ற வேண்டும். டைம்லைன் லைப்ரரி இந்தக் கூட்டல் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. "எத்தனையாவது விநாடியில்" என்று எழுதாமல் "எதற்குப் பிறகு, எதோடு சேர்த்து" என்று எழுதப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜிசாப் (GSAP) என்ற ஜாவாஸ்கிரிப்ட் அசைவு லைப்ரரி. கிரீன்சாக் நிறுவனத்தின் இந்த லைப்ரரியை 2024இல் வெப்ஃப்ளோ வாங்கியது. 2025 முதல், முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பிளகின்கள் உட்பட எல்லாமே இலவசம். இணையத்தில் ட்வீன்மேக்ஸ், டைம்லைன்லைட் என்று எழுதிய பாடம் கண்ணில் பட்டால் அது 2019இல் மூன்றாம் பதிப்பு வருவதற்கு முந்தையது. அதில் டியூரேஷன் இரண்டாவது ஆர்கியுமென்ட்டாகத் தனியே நிற்கும். இப்போது அது ஆப்ஜெக்ட்டுக்கு உள்ளே போக வேண்டும். பழைய கோடை அப்படியே ஒட்டாதீர்கள்.

அளவு விநாடியில், மில்லிவிநாடியில் அல்ல. டியூரேஷன் 600 என்று போட்டால் அசைவு பத்து நிமிடம் ஓடும். பார்ப்பவருக்கு உறைந்து நிற்பதாகத்தான் தெரியும். எதுவும் சொல்லாவிட்டால் டியூரேஷன் 0.5, ஈஸ் (அசைவின் வேகம் ஏறி இறங்கும் விதம்) பவர்1.அவுட்.

முதலில் ஒரு டைம்லைனை உருவாக்கி, அதன் டிஃபால்ட்ஸில் டியூரேஷன் 0.6, ஈஸ் பவர்3.அவுட் என்று ஒரே முறை எழுதிவிடுங்கள். உள்ளே சேர்க்கும் ஒவ்வொரு ட்வீனும் (ஒரு தனி அசைவு) இதை எடுத்துக்கொள்ளும்; வேறு அளவு வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். பிறகு நான்கு ட்வீன்களைச் சேருங்கள், நான்கும் ஃப்ரம் வகை, அதாவது கொடுத்த நிலையிலிருந்து இயல்பு நிலைக்கு வருபவை. ஆட்டோஆல்ஃபா பொருள் தெரியும் அளவு, ஒய் மேல்கீழ் நகர்வு, ஸ்டேகர் ஒரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நேர இடைவெளி:

படம்: ஆட்டோஆல்ஃபா 0, ஸ்கேல் 1.1, டியூரேஷன் 1.2. இடம் 0
தலைப்பு: ஆட்டோஆல்ஃபா 0, ஒய் 40. இடம் "<0.3"
விளக்கவரி: ஆட்டோஆல்ஃபா 0, ஒய் 24. இடம் "<0.15"
பட்டன்கள்: ஆட்டோஆல்ஃபா 0, ஒய் 16, ஸ்டேகர் 0.1. இடம் ">-0.2"

இடம் என்று குறித்திருப்பதுதான் பொசிஷன் பாராமீட்டர். டைம்லைனின் உயிர் இதில் இருக்கிறது. "<" என்றால் இதற்கு முன் சேர்த்த ட்வீன் தொடங்கும் நொடி, ">" என்றால் அது முடியும் நொடி. பக்கத்தில் எழுதும் எண் அங்கிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்லும். ஆக, படம் 0இல் தொடங்கி 1.2இல் முடிகிறது. தலைப்பு 0.3இல் தொடங்கி 0.9இல் முடிகிறது. விளக்கவரி, தலைப்பு தொடங்கி 0.15 கழித்து, அதாவது 0.45இல் தொடங்கி 1.05 வரை. முதல் பட்டன் 0.85இல், இரண்டாவது 0.95இல். மொத்தம் 1.55 விநாடி.

பலரும் வழுக்குவது "-=" குறியில். "-=0.2" என்பதும் ">-0.2" என்பதும் ஒன்று என்றே தோன்றும், அப்படி இல்லை. ">" கடைசியாகச் சேர்த்த ட்வீனின் முடிவைப் பார்க்கும். "+=" , "-=" இரண்டும் முழு டைம்லைனின் முடிவைப் பார்க்கும். மேலே உள்ள உதாரணத்தில் விளக்கவரி 1.05இல் முடிந்தாலும் படம் 1.2 வரை ஓடுகிறது. பட்டன்களுக்கு "-=0.2" கொடுத்தால் அவை 1.0இல் தொடங்கும். அந்த 0.15 வித்தியாசம் இப்போது கண்ணில் படாது. நாளைக்கு யாராவது படத்தின் டியூரேஷனை 2 ஆக்கினால் பட்டன்கள் 1.8க்கு ஓடிவிடும், விளக்கவரிக்கும் பட்டனுக்கும் நடுவே காரணம் தெரியாத வெற்றிடம் விழும். ">-0.2" எழுதியிருந்தால் 0.85இலேயே நிற்கும். நீளமான பின்னணி அசைவு ஒன்று கூடவே ஓடும் டைம்லைன்களில் எப்போதும் "<", ">" குறிகளையே பயன்படுத்துங்கள்.

விழுக்காடும் கொடுக்கலாம். தலைப்புக்கு "<25%" என்று எழுதினால் படத்தின் 1.2 விநாடியில் கால்பங்கு, அதே 0.3 வரும். படம் 2 விநாடியானால் தலைப்பு தானே 0.5க்கு நகரும். இரண்டில் எது சரி என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. தலைப்பு படத்தின் வேகத்தோடு இழைய வேண்டுமானால் விழுக்காடு, எந்நேரமும் சட்டென்று வர வேண்டுமானால் எண்.

இந்த இடக்குறி ஆப்ஜெக்ட்டுக்கு வெளியே, அதற்கு அடுத்த ஆர்கியுமென்ட்டாக வர வேண்டும். உள்ளே போட்டால் வேலை செய்யாது. டூ, ஃப்ரம் இரண்டிலும் அது மூன்றாவது. ஃப்ரம்டூவில் இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் இருப்பதால் நான்காவது. டைம்லைனுக்குள் டிலே எழுதுவதையும் விட்டுவிடுங்கள். வேலை செய்யும்தான், ஆனால் நேரக்கணக்கு இரண்டு இடங்களில் சிதறிப்போகும்.

அடுத்தது ஃப்ரம் தரும் தொல்லைகள். ஃப்ரம் என்பது "இங்கிருந்து புறப்பட்டு, இப்போது இருக்கும் நிலைக்கு வா" என்ற கட்டளை. சிஎஸ்எஸ்ஸில் ஒபாசிட்டி 0 என்று எழுதிவிட்டு ஃப்ரமில் ஆட்டோஆல்ஃபா 0 கொடுத்தால், பொருள் 0இலிருந்து 0க்குப் போய் மறைந்தே கிடக்கும். ஸ்கிரிப்ட் ஏறுவதற்குள் எல்லாம் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து மறைவதைத் தடுக்க வேண்டுமானால், சிஎஸ்எஸ்ஸில் விசிபிலிட்டி ஹிடன் மட்டும் எழுதுங்கள், ஒபாசிட்டியைத் தொடாதீர்கள். ஆட்டோஆல்ஃபா ஒபாசிட்டியோடு விசிபிலிட்டியையும் சேர்த்தே கையாளும். ஒபாசிட்டி 0 ஆகும்போது பொருளை ஹிடன் ஆக்கிவிடும் என்பதால் கண்ணுக்குத் தெரியாத பட்டனை யாரும் தவறி அழுத்த முடியாது.

இன்னொன்று, ஃப்ரம் ட்வீன் தன் முறை வரும்வரை காத்திராமல் தொடக்க நிலையை உடனே பொருளில் ஏற்றிவிடும். நுழைவு அசைவுக்கு இது வரம். ஆனால் ஒரே பொருளின் ஒரே பண்புக்கு அதே டைம்லைனில் இரண்டாவது ஃப்ரம் எழுதினால், முந்தையது ஏற்றிய மதிப்பையே இது இறுதி நிலையாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் இம்மீடியட்ரெண்டர் ஃபால்ஸ் என்று கொடுங்கள், அல்லது ஃப்ரம்டூவுக்கு மாறி இரு முனைகளையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கிளிக்குக்கு ஓடும் ஃப்ரம்மும் இப்படித்தான்: பாதியில் மறுபடி அழுத்தினால் அந்தப் பாதி நிலையே புதிய இறுதி நிலையாகி, பொருள் மங்கலாகவே நின்றுவிடும்.

அதனால் கிளிக்குக்குள் டைம்லைனைக் கட்டவே கூடாது. திறந்து மூடும் மெனுவுக்கு, பக்கம் ஏறும்போதே பாஸ்ட் (paused) ட்ரூ, ரிவர்ஸ்ட் (reversed) ட்ரூ என்று ஒரு டைம்லைனைக் கட்டி வைத்துவிடுங்கள். கிளிக்கில் ரிவர்ஸ்ட் நிலையைக் கேட்டு, ட்ரூ என்றால் பிளே, இல்லையென்றால் ரிவர்ஸ். பாதி திறந்திருக்கையில் அழுத்தினாலும் அந்தப் புள்ளியிலிருந்தே அழகாகத் திரும்பும். ரிவர்ஸில் ஈஸும் தலைகீழாகும் என்பதை மட்டும் கவனியுங்கள். பவர்3.அவுட் முன்னோக்கிப் போகையில் விறுவிறுவென்று புறப்படும். திரும்புகையில் தயங்கித் தயங்கிக் கிளம்பும், மெனு மூட மறுப்பதுபோல் இருக்கும். மூடும்போது டைம்ஸ்கேலை (ஓடும் வேகத்தை) 1.5 ஆக்கிவிட்டு ரிவர்ஸ் கொடுங்கள், இந்த வரிசையிலேயே. திறக்கும்போது மறுபடி 1.

டைம்லைன் முப்பது வரியைத் தாண்டினால் பகுதி பகுதியாக ஃபங்ஷன்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு டைம்லைனைக் கட்டி ரிட்டர்ன் செய்யட்டும். தாய் டைம்லைன் அவற்றை ஆட் மூலம் கோக்கட்டும். ஆட்டுக்குள் ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுதி அடைப்புக்குறியை விட்டுவிட்டால் ஜிசாப் அதை வெறும் கால்பேக் (அந்த நொடியில் அழைத்துவிட்டுப் போக வேண்டிய ஃபங்ஷன்) என்று நினைக்கும். அடுத்த பகுதி காத்திராமல் அதன் மேலேயே ஓடும். ரிட்டர்ன் எழுத மறந்தால் தாய்க்குச் சேர்க்க எதுவுமே கிடைக்காது. குழந்தை டைம்லைனில் ரிப்பீட் -1 இருந்தால் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை ஒருநாளும் ஓடாது. முடிவில்லாச் சுழற்சியைத் தாய் டைம்லைனுக்கு வெளியே தனி ட்வீனாக வைப்பதே நல்லது.

அசைவு பிசுபிசுவென்று இழுத்தால் அந்தப் பொருளின் சிஎஸ்எஸ்ஸில் ட்ரான்சிஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜிசாப் ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதும் மதிப்பை பிரவுசர் மறுபடி தன் பங்குக்கு மெதுவாக்கும். டாப், லெஃப்ட் இரண்டையும் அசைக்காமல் எக்ஸ், ஒய் அசையுங்கள். முந்தையவை ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட்டைக் கணக்கிட வைக்கும், விலை குறைந்த போனில் அது உடனே தெரியும்.

பிழை தேடும்போது டைம்ஸ்கேல் 0.2 வைத்து ஓட்டிப் பாருங்கள். எது எதன் மேல் ஏறுகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். நடுவில் ஆட்லேபல் மூலம் ஒரு பெயர் போட்டு வைத்தால் பிளேவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து அங்கிருந்தே ஓட்டலாம், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்க்க வேண்டாம்.

அசைவை ஸ்க்ரோலோடு கட்டும் ஸ்க்ரோல்ட்ரிகர் பிளகினை இணைப்பதானால் டைம்லைனுக்கு மட்டும் இணையுங்கள், உள்ளே இருக்கும் ட்வீன்களுக்கு அல்ல. ஒரே பிளேஹெட்டை (டைம்லைன் இப்போது ஓடும் புள்ளியை) இரண்டு பேர் இழுக்க முடியாது. அசைவை ஸ்க்ரோலோடு ஒட்டி நகர்த்தும் ஸ்க்ரப் போட்டால் டியூரேஷன் விநாடியாக இராது, ஸ்க்ரோல் தூரத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்ற விகிதமாக மாறிவிடும்.

ரியாக்டில் ஸ்ட்ரிக்ட் மோட், டெவலப்மென்ட்டின்போது எஃபெக்ட்டை இரண்டு முறை ஓட்டும். மேலே சொன்ன ஃப்ரம் சிக்கல் அப்படியே வரும். யூஸ்ஜிசாப் ஹுக்குக்குள் எழுதினால் முதல் ஓட்டத்தை அது தானே ரிவர்ட் செய்துவிடும். அசைவு பார்த்தால் தலைசுற்றும் பயனர்கள் தங்கள் கருவியில் குறைந்த அசைவைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பயனரின் கருவி அமைப்புக்கேற்ப அசைவைப் பிரிக்கும் ஜிசாப்பின் மேட்ச்மீடியாவில் அந்த நிலைக்கு ஸ்கேல், ஒய் எதுவும் இல்லாமல் 0.3 விநாடி ஆட்டோஆல்ஃபா மட்டும் உள்ள தனி டைம்லைன் ஒன்றைக் கட்டிக் கொடுங்கள்.