ரவுட்டர்களில் நேரத்தை ஒத்திசைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நள்ளிரவில் இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான லிங்க் விழுந்து எழுகிறது. காலையில் இரண்டு முனைகளின் லாகையும் (நிகழ்வுப் பதிவு) அருகருகே வைத்துப் பார்க்கிறோம். ஒரு ரவுட்டர் 2:04 என்கிறது, மற்றது 1:57 என்கிறது. எந்தப் பக்கம் முதலில் விழுந்தது? சொல்ல வழியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பிரித்தறிய எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறையான என்.டி.பி.யின் கட்டளை இரண்டு ரவுட்டர்களிலும் இருக்கத்தான் செய்தது. யார் யாரிடம் நேரம் கேட்க வேண்டும் என்பதைத்தான் யாரும் தீர்மானித்திருக்கவில்லை. இதில் வரும் தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கடிகாரம் தானாகவே சரியாக ஓடிக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. பத்து லட்சத்தில் 20 பங்கு மட்டுமே பிசகும் கடிகாரப் படிகம்கூட ஒரு நாளைக்கு 1.7 விநாடி விலகும். மாதக் கணக்கில் பார்த்தால் நிமிடத்தைத் தொட்டுவிடும். லாக் குழம்புவதோடு போகாது. டிஜிட்டல் சான்றிதழை வைத்து எழும் வி.பி.என். (மறையாக்கிய தனித் தொடர்பு) எழாது. ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பகிரும் ரவுட்டிங் நெறிமுறைகளின் ரகசியச் சாவிகளுக்குக் காலக்கெடு வைத்திருந்தால், ஒரு பக்கம் புதுச் சாவிக்கு மாறியிருக்க மறுபக்கம் பழையதிலேயே நிற்கும்; பக்கத்து ரவுட்டருடனான உறவே அறுந்துபோகும்.

நான் அதிகம் பார்த்த தவறு, சிஸ்கோ ரவுட்டர்களில் 'என்.டி.பி. மாஸ்டர்' கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது. என்.டி.பி.யில் ஸ்ட்ரேட்டம் என்றொரு அடுக்கு உண்டு. அணுக் கடிகாரமோ ஜி.பி.எஸ். கருவியோ 0. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதனிடம் கேட்பவர் 2. இப்படியே 15 வரை. 16 என்றால் ஒத்திசையவில்லை என்று பொருள். 'மாஸ்டர்' போட்டால், வெளியே யாரும் இல்லாதபோதும் ரவுட்டர் தன் சொந்தக் கடிகாரத்தையே நம்பகமானதாக மற்றவர்களுக்கு அறிவிக்கும். எண் எதுவும் தராவிட்டால் ஸ்ட்ரேட்டம் 8. அதுவரை பரவாயில்லை. ஆனால் சோதனை லேபில் சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று 'மாஸ்டர் 1' போட்டு, அதே கான்ஃபிக்கை (அமைப்பு வரிகளை) அப்படியே நிஜ நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்போது வெளி சர்வரைவிடத் தன் கடிகாரமே மேல் என்று அந்த ரவுட்டர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கீழே இருப்பவர்களும் அதன் பின்னால் போவார்கள். பேட்டரி இல்லாத பழைய சிஸ்கோ மாடல்கள் பல ரீபூட் ஆனால் 1993 மார்ச் 1 என்று எழும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மாஸ்டர் தேவைதான் என்றால் வெளித் தொடர்பு அறும் நேரத்துக்கான மாற்றாக மட்டும் வையுங்கள்: மைய ரவுட்டர் ஒன்றில் 10, இன்னொன்றில் 12. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால், தொடர்பு அறுந்ததும் ஆளுக்கொரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தீவுகளாகிவிடும்.

அடுத்து, எத்தனை சர்வர். ஒன்றே போதும் என்பது தவறு, இரண்டு போதும் என்பதும் தவறு. இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் எது பொய் என்று ரவுட்டருக்குத் தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் அந்தப் பாதுகாப்பு தொடரும். பெரிய இடத்து சர்வர் தவறு செய்யாது என்று நினைக்க வேண்டாம். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் சர்வர்களே கொஞ்ச நேரம் 2000ஆம் ஆண்டு என்று சொல்லின. அவற்றை மட்டும் நம்பியிருந்த நெட்வொர்க்குகள் தடுமாறின.

இந்தியாவில் வேலை செய்பவர்களுக்கு இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள் எல்லாம் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்.டி.பி. சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு ஒத்திசைய வேண்டும். அதற்காக ஒவ்வொரு கிளை ரவுட்டரையும் நேராக வெளியே அனுப்பக் கூடாது. இரண்டு மூன்று மைய ரவுட்டர்கள் மட்டும் வெளியே கேட்கட்டும், மற்றவை அவற்றிடம் கேட்கட்டும்.

அப்படிக் கேட்கும்போது 'சர்வர்' என்று எழுதுங்கள், 'பியர்' என்று எழுதாதீர்கள். பியர் என்றால் இருவரும் ஒருவரையொருவர் திருத்தலாம். சமமான இரண்டு மைய ரவுட்டர்களுக்கு இடையில் அது பொருந்தும். கிளைக்கும் மையத்துக்கும் நடுவில் போட்டால், மையத்தின் மேல்தொடர்பு அறுந்த நேரத்தில் கிளையின் நேரம் மேலே ஏறிவிடக்கூடும்.

எல்லாம் சரியாக எழுதியும் பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் முகவரிதான். ரவுட்டர் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியேறுகிறதோ அதன் முகவரியிலிருந்து கேட்கும். பாதை மாறினால் முகவரியும் மாறும், எந்த முகவரியை அனுமதிப்பது என்ற எதிர்ப்பக்கப் பட்டியல் (ஏ.சி.எல்.) தடுத்துவிடும். பாதை மாறினாலும் மாறாத லூப்பேக் முகவரியை மூலமாக வைத்து, என்.டி.பி. பயன்படுத்தும் யு.டி.பி. 123 போர்ட்டை இரு திசையிலும் திறந்துவிடுங்கள். இணையத்தைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் நீங்கள் குறித்த சர்வர்களைத் தவிர மற்றவர்களுக்கு மூடியே இருக்கட்டும். சிறு கேள்விக்குப் பெரிய பதிலாக, கடைசியாகப் பேசிய 600 முகவரிகள் வரை பட்டியலிட்டுத் தரும் 'மான்லிஸ்ட்' கேள்வியைத் திறந்து வைத்திருந்த சர்வர்களைக் கொண்டுதான் 2014 பிப்ரவரியில் விநாடிக்கு 400 கிகாபிட்டை நெருங்கிய தாக்குதல் நடந்தது.

நேரம் சொல்வது உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்கும் அங்கீகாரச் சாவி விஷயத்தில் ஒரு நுணுக்கம். சிஸ்கோவில் சாவியை உருவாக்கி, நம்பகமானது என்று குறித்து, அங்கீகாரத்தையும் இயக்கிவிட்டு, சர்வர் வரியில் சாவி எண்ணைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். நேரம் ஒத்திசைந்துவிடும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் எந்தச் சோதனையும் நடந்திருக்காது. சாவி சரிபார்ப்பது சர்வர் அல்ல, நேரம் கேட்கும் ரவுட்டர்தான்.

ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம். என்.டி.பி. சுமந்து வருவது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரம் மட்டுமே, நேர மண்டலத்தை ஒவ்வொரு ரவுட்டரிலும் நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் கடிகாரத்தைக் கையால் திருப்பினால் குழப்பம் இரட்டிப்பாகும். எல்லாவற்றிலும் ஒரே மண்டலம் வைத்து, லாகில் மண்டலப் பெயரும் வரும்படி செய்யுங்கள். ஜூனிப்பர் ரவுட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸில் மட்டும் வேறு சிக்கல்: வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் அது ஒத்திசையாது. முதலில் தேதியைச் சரியான நேரத்துக்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும்.

கட்டளை போட்ட இரண்டாவது நிமிடமே 'வேலை செய்யவில்லை' என்று அழித்து எழுதாதீர்கள். சிஸ்கோவில் சில நேரம் பத்து நிமிடம்கூட ஆகும். அப்புறம் ரவுட்டர் எந்தெந்த சர்வர்களோடு பேசுகிறது என்று காட்டும் 'அசோசியேஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். முகவரிக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அதனோடு ஒத்திசைந்திருக்கிறது. 'ரீச்' கட்டத்தில் 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. எட்டடிமான எண் என்பதால் அது சதவீதம் அல்ல. லாகில் நட்சத்திரத்துக்குப் பொருள் தலைகீழ்: நேரத்துக்கு முன்னால் அது இருந்தால் அந்த நேரத்தை நம்ப முடியாது. புள்ளி இருந்தால், முன்பு ஒத்திசைந்திருந்து இப்போது தொடர்பை இழந்திருக்கிறது. ஒவ்வொரு ரீபூட்டுக்கும் பிறகு அந்த ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.