தாத்தாவின் டபுள் பேரல் தோளை இடிக்கிறதா? விற்கும் முன் இதைப் பாருங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் வேட்டைக்குப் போன குடும்பங்கள் சிலவற்றில் பழைய பன்னிரண்டு போர் (12-bore) இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றது; துப்பாக்கி வாரிசு கைக்கு வந்தது. அன்றிலிருந்து புலம்பல்தான்: தோள் வீங்குது, கன்னத்துல அடிக்குது, வச்ச குறி தப்புது. இதற்கெல்லாம் துப்பாக்கியையே திட்டுவது நியாயமில்லை. வேறொருவர் உடம்புக்குச் செய்த கட்டையும் (தோளில் பதியும் மரப்பகுதி) பொருந்தாத தோட்டாவும்தான் பெரும்பாலும் காரணம்.

1. காகிதம்

உரிமம் உங்கள் பெயரில் இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தாத்தா காலத்து உரிமத்தில் வட ஆற்காடு என்றிருக்கும். 2019 வேலூர் மாவட்டப் பிரிவினைக்குப் பின் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. குடியாத்தமும் காட்பாடியும் வேலூரிலேயே இருக்கின்றன.

2. காலியா?

மடக்கித் திறந்து இரண்டு குழலையும் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும்.

3. தோட்டா

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடம், 65 மி.மீ. கடையில் 70 மி.மீ. தோட்டாவும் கிடைக்கும், அது தடையில்லாமல் உள்ளேயும் போய்விடும். ஏனென்றால் தோட்டாவின் மேல் எழுதியிருப்பது வெடித்து முனை விரிந்த பிறகான நீளம். குட்டை அறையில் அந்த முனை முழுதாக விரிய இடமில்லை. அழுத்தம் ஏறும், உதை பலமாகும், குழலுக்கே ஆபத்து. குழலைக் கழற்றினால் அடியில் தட்டையான பகுதியில் முத்திரைகள் தெரியும், அறை நீளம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புரியாவிட்டால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள். குழலில் பாம்புத்தோல் மாதிரி வரிகள் ஓடினால் அது கருமருந்து காலத்து டமாஸ்கஸ் குழலாக (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்தது) இருக்கலாம். பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லும் வரை சுடவே வேண்டாம்.

4. கட்டை

காலித் துப்பாக்கியோடு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடித் தோளில் வையுங்கள்; கண்ணைத் திறங்கள். குழல் முனையில் உள்ள, குறி பார்க்கும் சிறு மணி நேராகத் தெரிந்தால் பொருத்தம். குழலின் மேற்பட்டை நீளமாக விரிந்து தெரிந்தால் குண்டு மேலே போகும். மணியே மறைந்து பின்பக்க இரும்புதான் தெரிகிறதென்றால் கீழே போகும். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். குறைந்தால் மூக்கில் அடி விழும். ரப்பர் பேட் போட்டு நீட்டலாம். கட்டை நீளமாக இருக்கிறதென்று தச்சரிடம் கொடுத்து அறுக்காதீர்கள். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே குற்றம்.

5. சுட்டுப் பார்த்தல்

ரைபிள் கிளப்பில் மட்டும், லேசான தோட்டாவில் தொடங்குங்கள். நிலக்கடலையைப் பன்றி தோண்டும் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் பன்றியைச் சுட ஆயுத உரிமம் அனுமதி ஆகாது, வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக விற்றுவிடுங்கள். வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும். விற்கப்போவதாகக் கலெக்டருக்கோ உங்கள் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்றலாம்.