ஊரில் வைத்து முட்டு எழும்பினால்

ஆடி, ஆவணியில் பிள்ளைகளின் விடுமுறையோடு யாழ்ப்பாணம் வருபவர்களுக்குச் சோளகக் காற்றும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்தே கிடைக்கும். முட்டு என்கிற ஆஸ்துமா உள்ளவருக்கு இது சோதனைக் காலம். றோட்டில் புழுதி, வீட்டில் சாம்பிராணி, இரவில் நுளம்புத்திரி, பின்னேரத்தில் பக்கத்து வளவில் குப்பை கொளுத்தும் புகை. "கனடாவில் இரண்டு வருசமாக முட்டே வரவில்லை" என்று பம்பை (இன்ஹேலரை) விட்டுவிட்டு வராதீர்கள்.

நீலப் பம்பு (மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சல்பியூட்டமோல்), ஸ்பேசர் (பம்பில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்), தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் மருந்துக்கடையில் ஆல்பியூட்டரோல் என்று கேட்காமல் சல்பியூட்டமோல் என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றுதான். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பம்பை விட வேண்டாம்.

முட்டு எழும்பினால் உங்கள் மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி செய்யுங்கள். திட்டம் இல்லையென்றால், படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள். நீலப் பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு தடவை அடித்து, நாலைந்து மூச்சு இழுக்க விடுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு அடுத்தது. இப்படிப் பத்து வரை போகலாம், பெரியவருக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று பயந்து இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். படபடப்பு தானாக அடங்கும், மூச்சுத்திணறல் அடங்காது.

ஸ்பேசர் இல்லையா? 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். போத்தல் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து, அடியிலிருந்து அடியுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் ஆய்வில் கடை ஸ்பேசருக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்த பழைய யுக்தி. அப்பம்மா ஆவி பிடிக்கச் சொல்வா, வேண்டாம். வெந்நீர் பிள்ளைமேல் கொட்டுவதுதான் மிச்சம்.

பத்துக்கும் கேட்கவில்லையென்றால் 1990 அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒழுங்கைகளில் இலக்கம் தேடி நேரம் போகும், பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள். வரப் பத்து நிமிடத்துக்கு மேலானால் மறுபடி பத்து அடிக்கலாம். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, விலாவுக்கிடையில் சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலித்தாலோ பத்து முடியும்வரை காத்திராமல் அழைத்துவிட்டு அடித்துக்கொண்டே இருங்கள். ஏமாற்றுவது ஒன்று உண்டு: பிள்ளை களைத்துச் சோர்ந்திருக்கும்போது இழுப்புச் சத்தம் நின்றுவிடும். "குறைஞ்சிட்டுது" என்று நினைப்போம். காற்றே போகாததால்தான் சத்தம் இல்லை.

யாழ். போதனா வைத்தியசாலை தவிர, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. அங்கே ஒட்சிசனும், மருந்தைப் புகைபோலாக்கி முகமூடியால் தரும் நெபுலைசரும் பிடிப்பார்கள், கடுமையானால் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியமும் சேர்ப்பார்கள். நெபுலைசர் பிடித்துச் சுகமானதும் வீட்டுக்கு ஓடாதீர்கள், இரவில் திரும்ப எழும்பலாம். அதைத் தடுப்பது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்துதான், வேலை செய்யச் சில மணி நேரம் எடுக்கும். பெரியவருக்கு வழக்கமாக நாளுக்கு 40 முதல் 50 மில்லிகிராம், 5 முதல் 7 நாள். பிள்ளைக்கு நிறையைப் பார்த்து 3 முதல் 5 நாள். தந்த நாள்வரை முடியுங்கள்.

நயினாதீவு, நெடுந்தீவுப் பயணம் இருக்கிற நாளில் காலையிலேயே நெஞ்சு இறுகினால், குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறாதீர்கள். இன்னொரு நாள் போகலாம்.