சீனாவுக்குப் புதிதா? 'ஜியென்' என்ற வினைச்சொல்

சாப்பாடு வரவழைக்கும் செயலி, கடை வாசல், சாலைப் பலகை என்று முதல் வாரத்திலேயே எங்கும் ஓர் எழுத்து கண்ணில் படும். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சிறு கீற்றுகள், மொத்தம் 11 கோடுகள். அதுதான் 'ஜியென்'. கணக்கில் 'கழி', மற்ற இடங்களில் 'குறை' என்று நாம் பிரித்துச் சொல்வதைப் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லே பார்த்துக்கொள்ளும்.

பின்யினில் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) நடுவே ஆங்கில 'ஏ' (a) இருப்பதால் நம்மவர்கள் 'ஜியான்' என்று படித்துவிடுகிறார்கள். வாயில் 'எ' வர வேண்டும். இறுதியில் 'ங்' ஒட்டி 'ஜியாங்' ஆகிவிட்டால் அது 'இறக்கு' என்ற வேறு வினை. தொனி (பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) மூன்றாவது: குரலை அடியில் இறக்கி வையுங்கள். உச்சியிலிருந்து வெட்டி இறக்கினால் 'பார்' என்று பொருள் மாறிவிடும். 'ஜியென்ஷாவ்' (குறைத்தல்) போல இரண்டு மூன்றாம் தொனிகள் சேர்ந்தால், முதலாவது மேலேறும் இரண்டாம் தொனியாகும்.

காசு மிச்சமாகும் இடம் 'மான்ஜியென்'. 'மான் 30, ஜியென் 8' என்றால் 30 யுவான் நிரம்பியதும் 8 கழியும். கூடையில் 28 இருந்தால் 3 யுவானுக்குச் சோறு சேருங்கள். 31 ஆகி, 23தான் கட்டுவீர்கள். ஏற்கெனவே விலை தள்ளிய பண்டங்கள் பல கடைகளில் இந்தக் கணக்கில் சேராது. கட்டும் முன் மொத்தத்தைப் பாருங்கள். 'மான்' எழுத்துக்கு முன் 'மேய்' இருந்தால் ஒவ்வொரு 30க்கும் 8 கழியும். இல்லையென்றால் 90க்கு வாங்கினாலும் ஒரே தடவைதான்.

'8 ஜ' என்ற தள்ளுபடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது 80 சதவீதம் கழிவதல்ல. 80 சதவீதம் நீங்கள் கட்டுவது.

எடையைச் சொல்லும்போது 'ஜியென் ல 5 கிலோ' என்றால் 5 கிலோ குறைந்தது. 'ஜியென் தாவ் 50 கிலோ' என்றால் 50க்கு வந்து நின்றது. 'ல', 'தாவ்' என்ற இந்த ஒற்றை அசையை விழுங்கிவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசும்போது முக்கியமாக.

சந்தையில் பேரம் பேச ஜியென் சரிப்படாது; 'பியென்யி யிதியென்' (கொஞ்சம் மலிவாக) என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் 'கோவ்'. அங்கே 'ஜியென்ஷின்' என்று யாராவது சொன்னால் அது ஒரு மாதப் பிடித்தமல்ல, சம்பளத்தையே குறைப்பது. எழுத்தில் தரச் சொல்லுங்கள், எந்த மாதத்திலிருந்து என்றும் கேளுங்கள்.